மான் அளவு

“சத்தம் அவருக்குக் கேட்கக்கூடாது தம்பி. எனக்கு மட்டும் கேட்டால் காணும்.”

ராசமலர் இப்படிச் சொன்னதும் ஏணியில் நின்ற தாஹிருக்கு முகம் கறுத்துப்போனது.

கிண்ணியாவிலிருந்து வந்து, திருகோணமலை டவுன் முழுக்க ஆள் அசைவைக் காட்டும் கருவி பூட்டுகிறவன் அவன். வயர் தேவையில்லை. சுவரில் ஒரு வெள்ளைக் கண், வேறு அறையில் ஒரு சின்னப் பெட்டி. கண்ணுக்கு முன்னால் ஆள் நடந்தால் பெட்டி கீச்சிடும். சனம் அதைக் கேற்றில் பூட்டும், மதிலில் பூட்டும், கள்ளனுக்குப் பயந்து பூட்டும். இந்த மனுசியோ சொந்த மாமனாரின் அறை வாசலில் பூட்டச் சொல்கிறாள்.

மாமனார் லேசுப்பட்ட ஆளா? குணரத்தினம் ஐயா, துறைமுகத்தில் முப்பது வருசம் இழுவைப் படகு ஓட்டியவர். எத்தனையோ பெரிய கப்பல்களை இழுத்துவந்து கரை சேர்த்தவர். மகன் கட்டாரில் வேலை. வீட்டில் அவரும் மருமகளும்தான். மருமகள் முன் அறையில் நாள் முழுக்கத் தையல் மெஷினோடு இருக்கிறாள்.

ஏன் அக்கா இங்கே பூட்டவேணும் என்று தாஹிர் கேட்டே விட்டான்.

“என்னைக் கேளாமல் அவர் வெளிக்கிடக்கூடாது. அவ்வளவுதான்,” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

ஐயா கதிரையில் இருந்தபடி சிரித்தார். எந்த ஊர் தம்பி என்று கேட்டார். கிண்ணியா என்றான். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். பாவம், கதைக்க ஆளில்லாத மனுசன், கதையை விட மனமில்லை என்று நினைத்தான் தாஹிர். மூன்று தரமும் மரியாதையாகவே பதில் சொன்னான்.

சோதித்துப் பார்க்க ஐயாவையே நடக்கச் சொல்ல வேண்டியிருந்தது. எழும்பிக் கூனியபடி மெல்ல நாலு அடி வைத்தார். கண்ணில் சிவப்பு மின்னியது, முன் அறையில் பெட்டி கீச்சிட்டது. ஐயா சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். தாஹிருக்கு வெட்கமாய்ப் போயிற்று. இவரைச் சிறை வைக்க நானா ஆள் என்று மனம் குத்தியது.

அப்போதுதான் அந்த வேலையைப் பார்த்தான்.

திருகோணமலை டவுனில் மான்கள் சாவகாசமாய்த் தெருவில் திரியும், வளவுக்குள்ளும் வரும். மானுக்கெல்லாம் பெட்டி கத்தினால் வீட்டுக்காரர் நித்திரை கொள்ள ஏலாது. அதனால் வளவில் பூட்டும் கண்ணில் உள்ளே இருக்கிற திருகியைக் குறைத்து, கொஞ்சம் மேலே பார்க்க வைத்துவிடுவார்கள். பூட்டுகிறவர்களுக்குள் அதற்குப் பேர் மான் அளவு. கூனி மெல்ல நடக்கிறது எதுவும் அதற்குத் தெரியாது. நிமிர்ந்து விறுவிறென்று வருகிற ஆள்தான் தெரியும்.

ஐயாவின் அறைவாசலில் தாஹிர் மான் அளவை வைத்தான்.

பிறகு ராசமலரைக் கூப்பிட்டு, கையை வீசித் தானே நடந்து காட்டினான். பெட்டி கீச்சிட்டது. இனிப் பயமில்லைத்தானே என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். “ஓம் அக்கா,” என்று வாய் கூசாமல் சொன்னான்.

வீட்டுக்குப் போய் மனைவி நிப்லாவிடம் பெருமையடித்தான். நல்ல காரியம், வயசான மனுசன் காலாற நடக்கட்டும் என்றாள் அவளும்.

நாலாம் நாள் மத்தியானம் ராசமலரின் போன் கோல் வந்தது. மாமாவைக் காணேல்லை, பின்கதவு திறந்து கிடக்கு, பெட்டி கீச்சிடவேயில்லை என்று சொல்லும்போதே குரல் உடைந்தது.

தாஹிர் மோட்டார் சைக்கிளில் பறந்தான். உட்துறைமுக வீதியில் சனம் கூடி நின்றது. மீன்பிடிகாரர் ஐயாவைக் கடலிலிருந்து தூக்கிக் கரையில் இருத்தியிருந்தார்கள். நெற்றியில் ரத்தம். கழுத்தளவு தண்ணிக்குப் போய்விட்டாராம்.

ஐயா தாஹிரின் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னார்: “கப்பல் வந்திட்டுது. நான் படகு எடுக்கோணும். நீங்கள் எந்த ஊர் தம்பி?”

தாஹிருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அதற்குள் ராசமலர் தலைவிரிகோலமாய் ஓடி வந்தாள். சனத்தைப் பார்த்தாள். மாமனாரைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். “நான்தான் ஏசிப்போட்டன். கோபத்தில வெளிக்கிட்டு வந்திட்டார்.”

பிறகென்ன, சனம் பிடித்துக்கொண்டது. ஒருத்தி காறித் துப்பினாள். நீயெல்லாம் ஒரு பொம்பிளையா என்று ஒருவர் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தாஹிரும் அங்கேதான் நின்றான். வாயைத் திறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஐயாவுக்கு மருந்து கட்டி வீட்டில் படுக்க வைத்த பிறகு, ராசமலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தூசி துடைக்கையில் எதையாவது அழுத்திப்போட்டேனோ என்று அவனிடம் கேட்டாள்.

அதற்கு மேல் தாஹிரால் தாங்க முடியவில்லை.

“பிழை என்னிலதான் அக்கா. நீங்க அவரைச் சிறை வைக்கிறீங்க எண்டு நினைச்சு, நான்தான் வேணுமெண்டு குறைச்சு வைச்சனான்.”

ராசமலர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். தாஹிர் ஏணியில் ஏறி, கண்ணைக் கீழே திருப்பித் திருகியைக் கூட்டினான். இறங்கி வந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான்.

“மறதி வருத்தம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா. இண்டைக்குச் சனம் உங்களை என்ன ஏச்சு ஏசினது?”

“ஏசட்டும் தம்பி,” என்றாள் ராசமலர். “மருமகள் கூடாதவள் எண்டா அது என்னோட போகும். மாமாவுக்கு மூளை பிசகிட்டுது எண்டு ஒரு ஆள் சிரிச்சாலும் என்னால தாங்க ஏலாது.”