உறையும் இடுக்கியும்

வஞ்சிக்கொடி கையுறையை, அதைச் செய்து விற்ற கம்பெனி அதிகாரியின் மேசைமேல் வீசினாள். தண்ணீர் சூடேறினால் இந்த உறை தானே சுருங்கிக் கையைக் கவ்வும், உடனே கையை வெளியே எடுத்துவிடலாம் என்றுதான் கம்பெனி சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் அவள் புருஷன் முத்தரசு சாயப்பட்டறைத் தொட்டிக்குள் கையை விட்டான். உறை கவ்வவே இல்லை. முழங்கை வரை தோலுரிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"உறையில கோளாறு இல்லீங்கம்மா" என்ற அதிகாரி, கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி உறையைப் போட்டார். அது சட்டென்று சுருங்கியது.

"தொட்டியில வெறுந்தண்ணியாங்க இருக்குது? மிச்சச் சாயம் போக சோப்புப் போட்டுத்தானுங்க துணிய அலசறோம்."

அவர் சலித்துக்கொண்டே கிண்ணத்தில் கொஞ்சம் சோப்பை விட்டார். சுருங்கிக் கிடந்த உறை தண்ணீரை உறிஞ்சி, சோம்பல் முறிப்பதுபோல் மெல்ல விரிந்துகொண்டது. கிண்ணத்தில் ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

"சோப்புல சுருங்காதுங்கம்மா. அது எங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

அப்படியென்றால் தெரிந்தேதான் சாயப்பட்டறைக்கு விற்றிருக்கிறார்கள்.

அதிகாரி இழுப்பறையிலிருந்து ஓர் இடுக்கியை எடுத்து, விரல் நுனிகூட நனையாமல் உறையைத் தூக்கி அவளிடம் நீட்டினார்.

அவள் உறையைத் தொடவில்லை. இடுக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பட்டறையில மத்தவங்க இன்னும் அந்த உறையப் போட்டுட்டுத்தான் நிக்கறாங்க. நீங்க எதை நம்பறீங்கன்னு அவங்களும் பாக்கட்டுமுங்க."