அவன் எழுதிய வரி

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் ஒரு கருவியைப் பதினோரு வருடங்களாகத் தனியாளாகப் பராமரித்துவந்தான் தணிகைவேல். இனி முடியாது, வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் எழுதி, கடைசியாக ஒரு திருத்தப் பதிப்பையும் வெளியிட்டுவிட்டுத்தான் அன்று காலை அப்பாவை ஸ்கேனுக்குக் கூட்டிவந்தான். ஆட்டோவில் வரும்போது முதுகுச்சுமையை இறக்கிவைத்தது போலிருந்தது. பதிவு கவுன்டரில் வரிசை நகரவில்லை. "காலைல அப்டேட் ஆனதுலேருந்து இப்படியே நிக்குது சார்," என்று அங்கிருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். 'வேறொரு வேலை முடியும்வரை காத்திருக்கவும்' என்றிருந்தது. அவன் எழுதிய வரி. முடிவதற்கு அங்கே எந்த வேலையும் இல்லை என்பதும், அவசரத்தில் தான் விட்ட பிழைதான் அது என்பதும் அவனுக்கு உடனே புரிந்தது. அவளிடம் அனுமதி கேட்டு கவுன்டருக்குள் போய் இரண்டு வரி தட்டினான். திரைக்கு உயிர் வந்தது. "உங்களுக்கு இது எப்படி சார் தெரியும்?" என்றாள் அவள். இதே வரி இந்நேரம் எத்தனை ஊர்களில், எத்தனை வரிசைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்தான். பிழையைத் திருத்தி வெளியிட, சுவரோரம் தரையில் உட்கார்ந்து பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்தான். ஸ்கேன் அறையிலிருந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். "அஞ்சே நிமிஷம்ப்பா," என்றான் தலை நிமிராமல். சக்கர நாற்காலியிலிருந்த அப்பா அவனைப் பார்த்தார். "நீ உன் வேலையப் பாருய்யா. நான் போயிக்கிறேன்," என்றவர் தானே சக்கரங்களை உருட்டத் தொடங்கினார். நாற்காலி வாசல் நிலையில் இடித்து நின்றது. சத்தம் அவனுக்குக் கேட்டது. விரல்கள் நிற்கவில்லை.