பூமிக்கு மூக்கு வைத்தவர்

பூமிக்கு மூக்கு வைத்ததே தான்தான் என்றார்.

அதற்கு முன்னால் அது மூச்சு முட்டிக் கிடந்ததாம்.

களத்தில் ஜவ்வரிசி காயப் பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் ஆறு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தார்ப்பாயின் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

தனியாக. எழுபத்தொரு வயதில்.

காலை எட்டு மணி. வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

"மச்சான், அதைக் கீழ வைங்க." ஜவ்வரிசி ஆலைக்காரி பாவாயி வெளியே வந்தாள். அவருடைய கொழுந்தியாள். "அரிசி வெயில் குடிக்கோணும். இன்னிக்குக் காயலீன்னா அத்தனையும் புளிச்சுப் போயிரும்."

"நனைஞ்சா பசையாப் போயிரும், புள்ள. மழை வருது. குழி ஊதிருச்சு."

களத்து ஓரத்தில் இருந்தது அந்தக் குழி.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு நாற்பது வருஷம் நாடெல்லாம் துளைத்தவர் அவர். ஓய்வு பெறுமுன் போட்ட கடைசி போர்வெல் இதுதான். பாவாயிக்காக. ஆயிரத்து முந்நூற்றுப் பத்து அடி. வெளியூரில் சொல்லும்போது பாதாளத்தில் பாதி வழி என்பார்.

தண்ணீர் வரவில்லை. புழுதி வந்தது. ஊரே இரண்டு நாள் தும்மியது.

ஏழு வருஷமாகப் பாவாயி அதைச் சொல்லிக் காட்டாத பண்டிகை இல்லை.

அவரும் குழியை விடவில்லை. இரும்பு மூடி போட்டு நட்டு முடுக்கினார். மூடி நடுவில் காசளவு துளை. துளையில் தேர்த்திருவிழாக் கடையில் வாங்கிய ஊதல். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, நாள் தவறாமல் காது கொடுத்தார்.

காலையில் குழி காற்றை உள்ளே இழுக்கும்.

மதியத்துக்கு மேல் வெளியே விடும்.

மேலே காற்றின் கனம் ஏறும், இறங்கும். அதற்குத் தக்கபடி கீழே பாறை வெடிப்புகளில் இருக்கும் காற்றும் போய் வரும். இது விஞ்ஞானம்.

அவர் சொல்லும் கதைகளில், ரஷ்யாக்காரன் இருபது வருஷம் போல மெனக்கெட்டுப் பன்னிரண்டு கிலோமீட்டர் துளைத்தது, அடியில் கல் சூட்டில் களி மாதிரி குழைந்தது, மேற்கொண்டு துளைக்க முடியாமல் மூடி போட்டுவிட்டு வந்தது, எல்லாம் மெய். அத்தனை ஆழமும் பூமியின் தோலில் கொசு கடித்த அளவு. அதுவும் மெய்.

அந்த ரஷ்யக் குழிக்குள் மைக்கை இறக்கியபோது நரகத்தின் அலறல் கேட்டதென்பது எவனோ கட்டிவிட்டது.

அந்த அலறலில் தன் பழைய ரிக் முதலாளியின் குரலை அடையாளம் கண்டுகொண்டதென்பது இவர் கட்டிவிட்டது.

"போன மாசமும் இப்படித்தான் ஊதுச்சுன்னீங்க," என்றாள் பாவாயி.

"போன மாசம் ஊதுனது நானு. ஒத்துக்கறேன்."

களம் மறுபடி சிரித்தது. பாவாயி சிரிக்கவில்லை. அன்று பதறி வாரி மூடிய அரிசி முழுக்கப் புளித்து மாட்டுத் தொட்டிக்குப் போனது. ஒரு தூறல்கூட விழவில்லை. அவர்தான் முக்காலியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இன்னிக்கும் உங்க வாய்தான்."

"எட்டு மணிக்கு அது இழுக்கோணும், பாவாயி. விடுது. மேல காத்துக் கனம் குறையுது, மழைக்குத்தான். நம்பு."

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

களத்துக்கு ஒன்பது தார்ப்பாய் வேண்டும். முதலாவதை விரித்து மூலைக்கொரு கல் வைத்தார். இரண்டாவதை இழுத்தார். பாதியில் முழங்கால் மடங்கியது. உட்கார்ந்தார். எழுந்தார். மிச்சப் பாதியையும் இழுத்தார்.

யாரும் கை கொடுக்கவில்லை.

மூன்றாவதை எடுத்தார்.

பாவாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். மச்சான் விளையாடும்போது இப்படி வேர்த்து அவள் பார்த்ததில்லை.

விடுவிடுவென்று குழியிடம் போனாள். ஊதலைப் பிடுங்கி வீசினாள். மடியில் கட்டியிருந்த மரவள்ளி மாவை ஒரு பிடி எடுத்தாள். துளையின் மேல் குவித்தாள்.

"இழுத்துதுன்னா," என்றாள், "இன்னிக்கோட இந்தக் குழிக்கு சிமெண்டு."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் முதல் முறையாகக் கேலி இல்லை.

அவள் குனிந்தாள். மூக்கு மூடியைத் தொடும் அளவுக்கு.

மாவு அசையவில்லை.

பிறகு எழுந்தது.

புருவம், இமை, மூக்குத்தி, வகிட்டுக் குங்குமம். எல்லாம் வெள்ளை.

பரப்பும் பலகைகள் ஆறும் நின்றன. சிரிப்பை அடக்கிய ஒருத்திக்கு விக்கல் எடுத்தது.

பாவாயி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். பளிச்சென்ற நீலம்.

முகத்தைத் துடைக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகினாள். நாலாவது தார்ப்பாயைத் தோளில் ஏற்றினாள்.

"அக்கா," என்றாள் விக்கல்காரி. "அவரு பேச்சைக் கேட்டா..."

"அவரு அங்க நிக்கறாரு. ஊதுனது அவரில்ல." பாவாயி அவள் கையில் ஒரு முனையைத் திணித்தாள். "ஊதுச்சுடி. மெய்யாலுமே ஊதுச்சு."