விடவா, தடுக்கவா?

"மிளகாய், இன்னைக்கு டீ குடிக்க ஓட முடியாது. மெயில் பெரியவர் லைன்ல வந்தாச்சு, நீதான் எடுக்கணும்."

டீம் லீடர் சொன்னதும், பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். கோபம் மூக்கு நுனியிலேயே இருப்பதால் ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய்.

"வேற யாராவது எடுக்கட்டுமே, சார்."

"வேற யாரு இருக்கா? பிரிண்டரா எடுக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை. வரிசையாகக் காலி நாற்காலிகள். இந்த ஷிப்டை யாரும் கேட்காமலே வாங்கிக்கொள்கிறவள் அவள் ஒருத்திதான். வாடகை அறையில் தனியாகச் சுவரைப் பார்ப்பதற்கு, இங்கே வந்து சம்பளத்துக்குச் சுவரைப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு சாப்ட்வேர் விற்கிற கம்பெனி அது. வாடிக்கையாளரோடு பேச்செல்லாம் திரையில் அடித்துத்தான். குரல் கிடையாது, முகம் கிடையாது. எதிர்முனைக்கு இங்கிருக்கிற அத்தனை பேரும் வெறும் 'உதவியாளர்'.

"வாரா வாரம் ஒரே பாட்டு," என்றார் டீம் லீடர். "ஃபயர்வாலும் ஆன்டிவைரஸும் சேர்ந்து மக போட்ட மெயிலை முழுங்கிடுச்சாம். என்னைக் கேட்டா, அவருக்கு மகளே கிடையாது. பேச்சுத் துணைக்கு வர்றார். கோளாறு இல்லைன்னு போட்டுக் கேஸை மூடிடு. இனிமே அவர் வந்தாலும் லைன் கிடைக்காது."

"மக இருக்கா, சார்."

"நீ பார்த்தியா?"

"இல்லாத மகளுக்காக யாரும் வாரா வாரம் வந்து உங்ககிட்டப் பேச்சு வாங்க மாட்டாங்க."

"உனக்கு இந்த வாய் மட்டும் இல்லேன்னா..." என்று முனகிக்கொண்டே அவர் டீ இயந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

'எழுதுகிறார்' என்று திரை வெகு நேரம் காட்டியது. ஒற்றை விரல்காரர்.

"வணக்கம் தம்பி. மறுபடி மெயில் வரலை."

'தம்பி'யை அவள் திருத்தவில்லை. "பார்க்கிறேன் சார்" என்று அடித்துவிட்டு, அவருடைய கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்தாள். மெயிலை ஆன்டிவைரஸ் சோதித்துத்தான் உள்ளே விட வேண்டும். ஆனால் எது இணையத்துக்குப் போகலாம், வரலாம் என்று காவல் பார்க்கிற ஃபயர்வால், அந்த ஆன்டிவைரஸையே வெளியே போகவிடாமல் மறித்து வைத்திருந்தது.

"சார், 'இந்தப் புரோகிராமை விடவா, தடுக்கவா'ன்னு ஒரு பெட்டி வந்ததா?"

"அப்பப்ப வரும். 'தடு'வை அழுத்திடுவேன்."

"ஏன்?"

"ஃபேக்டரி கேட்டுல வாட்ச்மேனா நின்னவன், தம்பி. தெரியாத ஆள்னா உள்ள விடுற பழக்கம் இல்லை."

அவளுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போனது. ஒவ்வொரு முறை அப்டேட் ஆகும்போதும் ஆன்டிவைரஸ் புது ஆளாகத் தெரிந்திருக்கிறது. ஃபயர்வால் கேட்டிருக்கிறது. மனுஷன் தடுத்திருக்கிறார். இத்தனை வாரமாக எடுத்தவர்கள் அப்போதைக்குத் திறந்துவிட்டதோடு சரி, எவனும் இதைக் கேட்கவில்லை.

"அது புது ஆள் இல்லை சார். உங்க ஆள்தான், சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கு."

"அடப் பாவமே. அப்ப நானேதான் தடுத்துக்கிட்டு இருந்தேனா?"

'எப்போதும் அனுமதி' என்று மாற்றினாள். கம்பெனியிலிருந்து ஒரு சோதனை மெயில் அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்தது. அதன் பின்னாலேயே அடைபட்டுக் கிடந்தவையெல்லாம் வந்து விழுந்தன. லோன் வேண்டுமா, செருப்பு வேண்டுமா, வீட்டுமனை வேண்டுமா.

"ஃபயர்வால், ஆன்டிவைரஸ், மெயில் மூணும் இப்ப ஒத்துப்போகுது, சார்."

அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார் என்பது அம்புக்குறி நகர்வதில் தெரிந்தது. மேலிருந்து கீழே. மறுபடி மேலிருந்து.

"இதுல அவளோடது இல்லையே."

அவள் விசைப்பலகையில் கை வைப்பதற்குள் அடுத்த வரி வந்தது.

"அப்ப மிஷின்ல கோளாறு இல்லை. அவ எழுதவே இல்லை. அப்படித்தானே தம்பி?"

"மிஷின்ல இப்ப கோளாறு இல்லை, சார்" என்று மட்டும் அடித்தாள்.

"கோபத்துல போனா. போன் நம்பரையும் மாத்திட்டா. கிளம்பும்போது நான் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

கேட்கக் கூடாததை அவள் கேட்டாள். "என்ன வார்த்தை?"

"அது உனக்கு எதுக்குப்பா. அவளுக்குத் தெரியும்."

"மூடியாச்சா?" என்று டீ இயந்திரத்தின் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி, சார்," என்று குரல் கொடுத்துவிட்டு, அதையே திரையிலும் அடித்தாள். "முதல்ல வந்தது எங்க மெயில், சார். அதை எப்பவும் விட்டுடும். வெளியாள் மெயிலை விடுதான்னு பார்த்தாத்தான் நிச்சயமாத் தெரியும். இருங்க."

வேலை நேரத்தில் சொந்த மெயிலைத் தொட்டால் வேலை போகும். மேஜைக்கு அடியில் போனை எடுத்தாள். அந்த மெயிலைத் திறந்து வெகு நாளாகிவிட்டது; பிரிக்காதவை கட்டுக் கட்டாகக் கிடந்தன. அவற்றைப் பார்க்காமல் ஒரே ஒரு வரி அடித்து அனுப்பினாள்.

எதிர்முனையில் 'எழுதுகிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"தம்பி, இது டெஸ்ட் மெயில் மாதிரி இல்லையே. சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கு. என் மக அட்ரஸ்ல இருந்து வந்திருக்கு."

"ஆமா சார்" என்று அடித்தவள், 'சார்' என்பதை மட்டும் அழித்துவிட்டு, "ஆமாப்பா" என்று அனுப்பினாள்.