இமைப்பொழுதின் நீளம்

அய்யம்மாள் கையில் பொன்னாடையைக் கொடுத்து மேடைப் படிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தொழிலாளர்கள் சார்பில் போர்த்த வேண்டியது அவள்தான்.

மேடையில் பட்டாசு முதலாளி சீனிவாசகத்தின் மகன் தருண்குமார் பேசிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் லேசர் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டத்தோடு வந்திருக்கிறான். திருத்தங்கல் மண்டப வாசலில் 'அணுவைப் பிளந்த அண்ணலே வருக' என்று ஃப்ளெக்ஸ் நின்றது. அவன் எதையும் பிளக்கவில்லை. மூலக்கூறு எப்படி உடைகிறது என்று லேசரை அடித்துப் பார்க்கிறான், அவ்வளவுதான். அச்சுக்குப் பேர்போன ஊரில் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்.

"ஒரு செகண்டை ஆயிரம் லட்சம் கோடி பங்கு வைங்க. அதுல சில பத்துப் பங்குதான் எங்க லேசர் மின்னுற நேரம்."

கோடி என்றதும் மேடையிலிருந்த பெரிய மனிதர்கள் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள்.

"எந்தப் பிணைப்பு உடையணும், எது உடையக் கூடாதுன்னு அதுக்குள்ள நாமளே முடிவு பண்ணப் பார்க்கிறோம். கண்ணிமைக்கிற நேரம்னு சொல்றீங்களே, எனக்கு அது ஒரு யுகம். அதுக்குள்ள எவ்வளவோ நடந்து முடிஞ்சிரும்."

கைதட்டல்.

"கண்ணு மூடித் தொறக்க ஒரு யுகம்னா, பந்தி போட எத்தன யுகமாகும்க்கா?" என்றாள் பக்கத்திலிருந்த குருவம்மாள்.

அய்யம்மாள் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, நாரணாபுரத்தில் சீனிவாசகத்தின் ஆலையில் பட்டாசு மருந்து கலக்கும் ரூம் வெடித்து அவள் மகள் வேல்விழி போன அன்று, அவரே வீடு தேடி வந்து சொன்ன சொல் அது. "கண்ணிமைக்கிற நேரந்தாம்மா. பிள்ளைக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அந்தச் சொல்லைத் தலைக்கு வைத்துத்தான் இத்தனை நாளும் தூங்கினாள். அதை நம்ப, ஒரே ஒரு காட்சியை மட்டும் நினைக்காமல் இருந்தால் போதும். இருந்துவிட்டாள்.

அமெரிக்காவுக்கு அந்தச் சேதி போகவில்லை. படிக்கிற பிள்ளை மனசு கலங்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். அய்யம்மாள் மேலே ஏறினாள். பொன்னாடைக்குத் தோள் கொடுத்துக் குனிந்தவனிடம் மெல்லக் கேட்டாள்.

"சின்ன மொதலாளி, அதுக்குள்ள அம்புட்டும் நடக்கும்னீகளே. வலி தெரிஞ்சிருமா?"

பக்கத்தில் மைக் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

தருண்குமார் பிரியமாகச் சிரித்தான். "மூலக்கூறுக்கு வலி கிடையாதும்மா."

மேடை சிரித்தது. கீழே தொழிலாளர் வரிசையில் தலைகள் குனிந்தன. குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

போட்டோக்காரர் அய்யம்மாளைக் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். நின்றாள்.

மேடையில் சீனிவாசகம் மட்டும் சிரிக்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று புகை அடங்கியதும் முதலில் ஓடியது அவரும் அய்யம்மாளும்தான். வேல்விழி ரூமுக்குள் இல்லை.

வாசலைத் தாண்டி, தீயணைக்க வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியருகே மண்டியிட்டுக் கிடந்தாள். இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் முக்கியிருந்தாள்.