ஆள் அடையாளம்

ஏட்டு குஞ்சிதபாதம் நீட்டிய போட்டோவைத் தாமரைச்செல்வி சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியாதுங்க சார்."

"நல்லா பாத்துட்டு சொல்லும்மா. பேரு கார்முகில். பூவம்தான் ஊருன்னு தகவல்."

"இந்த ஊர்ல அப்படி யாரும் இல்லீங்க."

கார்முகில் அவள் புருஷன். பிரான்சில் ஒன்பது வருஷமாகத் தங்குவதற்கான பேப்பர் இல்லாமல் கட்டட வேலை பார்த்தவன். போன மாதம் பிடித்து அடைத்துவிட்டார்கள். எந்த ஊர்க்காரன் என்று உறுதியானால் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். உறுதியாகாவிட்டால் கொஞ்ச நாளில் வெளியே விட்டாக வேண்டும். இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் பேப்பர் கிடைத்துவிடும் என்று அங்கே வக்கீல் சொல்லியிருந்தார். யார் வந்து கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னு சொல்லிடு என்று பிடிபட்ட அன்றே போனில் சொல்லிவிட்டான்.

ஏட்டுக்கும் இதில் ஒரு கவலை இருந்தது. அவர் மகள் சிவப்ரியா அதே நாட்டுக்குப் படிக்கப் போக விசா கேட்டிருந்தாள். வியாழக்கிழமை நேர்காணல். காலையில் ஃபைலைக் கொடுக்கும்போதே இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் அனுப்பினார்: அங்கே பிடிபடுகிறவர்களை நாம் திரும்ப எடுத்துக்கொள்ளாவிட்டால், இங்கிருந்து போகிற பிள்ளைகளின் விசாவில்தான் கை வைப்பார்களாம்.

அதனாலோ என்னவோ, ஏட்டு விடுவதாயில்லை. பக்கத்து வீட்டில் கேட்டார். எதிர்வீட்டுத் தையல்நாயகியிடம் கேட்டார். அப்படி ஒரு பேரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். டீக்கடையிலும் அதே பதில்.

திரும்பவும் தாமரைச்செல்வி வீட்டுக்கே வந்தார். கேட்காமலே உள்ளே நுழைந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போலீஸ்கிட்ட பொய் சொன்னா கேஸ் ஆகும், தெரியும்ல? ஒன் மேல மட்டுமில்ல, இந்தத் தெரு மேலயே போடுவேன்."

அவள் புடவைத் தலைப்பை இறுக்கிக்கொண்டாள்.

"நெசமாவே தெரியாதுங்க சார்."

"ஒன் புருஷன் எங்க?"

"திருப்பூர்ல வேலைங்க."

"பேரு?"



அவள் ஒரு பேரை யோசிப்பதற்குள் ஏட்டின் போன் அடித்தது. சிவப்ரியா. எடுத்து, அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு விறுவிறுவென்று நாலு வரி எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

தன் புருஷனைத் திருப்பிக் கொண்டுவந்துவிடப்போகிற தாள் என்று பயந்துகொண்டேதான் படித்தாள்.

'படத்தில் உள்ள நபர் இவ்வூரைச் சேர்ந்தவர் அல்ல. விசாரித்ததில் எவருக்கும் இவரை அடையாளம் தெரியவில்லை.'

இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஏட்டு வாசலுக்குப் போய் வண்டியில் ஏறினார். அவள் முகத்தைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னார்:

"அடுத்த வாரம் வேற யாராச்சும் விசாரிக்க வந்தாலும் வருவாங்க. கூடத்துல மாட்டியிருக்கற ஒங்க கல்யாணப் போட்டோவ கழட்டி உள்ள வச்சிரும்மா."