களி தின்ற உடம்பு

"அந்த அரைஞாணையும் அவுத்து வைய்யா! சட்டையில என்ன, இரும்புப் பொத்தானா? அதையுங் கழட்டு."

ஐயாக்கண்ணு கூசிக் குறுகி வெறும் வேட்டியோடு நின்றார். திருடி மாட்டிக்கொண்டவர் இல்லை. ஏற்காட்டு மலை மேலிருக்கும் அந்த ஆராய்ச்சிக் கூடத்தைக் கூட்டித் துடைக்கிறவர். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அதட்டியவர் கூடத்தின் தலைவர் சந்திரசேகர்; மூக்கைச் சுளித்தார். செம்மநத்தம் மாதிரி மலைக் கிராமத்தில் பிறந்தவனெல்லாம் அணுவுக்குப் பக்கத்தில் நிற்பதே அவருக்கு ஆகாது.

அந்தக் கூடத்தில் இருப்பது என்ன கருவி என்கிறீர்களா, கண்ணுகளா? அணுக்களை லேசர் ஒளியால் குளிரவைத்து, ஒவ்வொன்றையும் ஒரே சமயத்தில் இரண்டு வழியாக அனுப்பி, மறுபடி ஒன்று சேர்ப்பார்கள். சேர்ந்ததும் திரையில் வரிவரியாகக் கோடு விழும். பக்கத்தில் துளிக் காந்தம் வந்தாலும் கோடு இடம் மாறிவிடும். பூமியின் காந்தத்தை அத்தனை துல்லியமாக அளக்கிற சாமான்.

அதனால்தான் வாசலில் அவ்வளவு கெடுபிடி. செருப்பு வெளியே, சாவி வெளியே, கொண்டை ஊசி வெளியே. உதவி விஞ்ஞானி நந்தினி, உலோகம் காட்டும் கோலை ஒவ்வொருவர் உடம்பிலும் ஓட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். சாரின் பூட்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் கோலை இறக்கிவிட்டு, கதவைத் திறந்து வணக்கம் சொல்வாள்.

சார் இல்லாமல் கருவியை ஓட்டக் கூடாது என்பது உத்தரவு. அவரும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தார். அப்படியும் கோடு ஒரு நிலையில் நின்றபாடில்லை.

"இப்பவும் ஆடுதுங்க சார்," என்றாள் நந்தினி.

"ஆடாம? ராகிக் களியாத் தின்னு தின்னு இவன் உடம்பெல்லாம் இரும்பு. இனி என்னத்தக் கழட்டச் சொல்ல, தோலையா?"

"ஏனுங்க சார், எங்கூட்ல எல்லாருந் தின்றதுதானுங்களே. காந்தத்துல போயி ஒட்டிக்கிட்டமுங்களா?"

"வாய் வேற! நாளைக்குச் சென்னையிலிருந்து அதிகாரி வர்றாரு. இந்த ஆராய்ச்சி நடக்குமா, மூடிட்டுப் போறதான்னு அவர்தான் முடிவு பண்ணணும். நாளையிலிருந்து நீ இந்தப் பக்கம் தலையே காட்டாத."

"அப்படிச் சொல்லீறாதீங்க சார். எம்புள்ள வெண்ணிலா இந்த வேலைய நம்பித்தானுங்க காலேஜு போறா."

"அவளையும் களி கிண்டச் சொல்லு, போ."

ஐயாக்கண்ணு சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை, அதிகாரி பாலசுப்பிரமணியத்தை வரவேற்க சந்திரசேகர் தானே காரில் அடிவாரத்துக்குப் போய் நின்றார். "இன்னைக்கு மட்டும் நாங்க மேல வர்றதுக்குள்ள கருவிய ஓட்டி வை," என்று நந்தினிக்குச் சொல்லியிருந்தார்.

அதிகாரியோடு பாதி மலை ஏறுவதற்குள் அவள் போன் வந்தது. அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கோடு அசையவே இல்லைங்க சார்! ஓட்டுனதுல இருந்து அப்படியே நிக்குது!"

சந்திரசேகருக்கு முகமெல்லாம் பல். "கேட்டீங்களா சார்? படிக்காத பயலுகள உள்ள விட்டா விஞ்ஞானம் எங்க உருப்படும்? ஒருத்தன விரட்டி விட்டேன், கோடு அடங்கிருச்சு!"

அதிகாரி மெச்சுகிற மாதிரி தலையாட்டினார்.

போனில் நந்தினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஐயாக்கண்ணு அண்ணன் இங்கதானுங்க சார் இருக்காரு. அதிகாரி வர்றாங்களே, தரை துடைக்கோணும்னு நாந்தான் வரச் சொன்னேன். காலையில இருந்து கருவிக்குப் பக்கத்துலயேதான் துடைச்சுக்கிட்டிருக்காரு..."

"அப்புறம் இன்னைக்கு என்னதான் மாறுச்சு?" என்றார் அதிகாரி.

"நீங்க மட்டுந்தான் சார் இங்க இல்ல."